நாத்தனார் போட்ட முடிச்சு

நம்பாதவர்கள் என் கழுத்தைப் பார்க்கலாம். கயிறு இன்னும் கிடக்கிறது.

1929. எனக்குப் பதினெட்டு வயது. பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவாட்டர்ஸில் இருந்தோம். ரெங்கசாமி ரயில் எஞ்சினுக்குக் கரி அள்ளிப் போடுகிறவர். எங்கள் வீட்டைத் தாண்டும்போது, கரி அப்பிய முகத்தில் பல் மட்டும் தெரியச் சிரிப்பார். அவரிடம் நான் பேசியது மொத்தம் நாலைந்து தடவை. அது போதும் என்று நினைத்தேன். இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன்.

அவர் வேறு சாதி. அப்பா எனக்கு ஈப்போவில் ஒரு கடைக்காரரை நிச்சயம் செய்ய நாள் குறித்தார். மறுநாள் மாலையே, உடுத்திய சேலையோடு ரெங்கசாமியுடன் கிள்ளான் ரயிலில் ஏறிவிட்டேன்.

எங்கள் பக்கம் நின்றது ஒரே ஒருத்தி. அவருடைய அக்கா வீரம்மா. கிள்ளான் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டுகிறவள். தாலியில் முதல் முடிச்சை மாப்பிள்ளை போடுவார். மற்ற இரண்டையும் அவர் கூடப் பிறந்தவள் போட வேண்டும். அந்த வருஷம் பத்துமலைத் தைப்பூசக் கூட்டத்தில் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்:

“ஊரே வராட்டியும் நான் வருவேன் புள்ள. அந்த ரெண்டு முடிச்சு என்னுது.”

தோட்டத்துக்குப் போகிற வழியில், ரப்பர் மரங்களுக்கு நடுவே ஒரு முனியாண்டி கோயில். ஓடி வந்தால் அங்கே சந்திப்பது என்று பேச்சு. முதல் நாளே ரெங்கசாமி அக்காவுக்குச் சொல்லி அனுப்பியிருந்தார். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது ஆறே கால் மணி. கொட்டுகிற மழை. தகரக் கூரை அதிர்ந்தது. அக்காவைக் காணோம்.

“நீங்களே மூணையும் போட்டுடுங்க.”

“அக்கா என் காதைத் திருகிடும். கொஞ்சம் இரு லா.”

இருந்தோம். இருட்டிக்கொண்டு வந்தது.

“எங்கப்பா ஆள் அனுப்பிடுவாரு. கட்டுறீங்களா, நானே கட்டிக்கவா?”

சிரித்தார். மஞ்சள் கயிற்றை என் கழுத்தில் சுற்றி ஒரு முடிச்சுப் போட்டார். நான் தலை குனிந்திருந்தேன்.

“வந்துட்டியாக்கா!” என்றார்.

என் பின்னால் யாரோ...

காலடிச் சத்தம் கேட்கவில்லை. ஓரக்கண்ணில் பச்சைச் சேலையின் ஓரம். அந்த மழையில் வந்த சேலை... சொட்டு ஈரமில்லை.

புது மண் வாசனை.

பிடரியில் விரல்கள். சில்லென்று.

ஒரு முடிச்சு.

இன்னொன்று... இறுக்கமாக.

மூச்சு மட்டும் படவில்லை.

“ஏக்கா, பேச மாட்டியா?”



திரும்பினேன்.

யாருமில்லை.

மண் தரையில் ஈரக் கால்தடங்கள். எல்லாம் எங்கள் இருவருடையவை.

“கோவிச்சுக்கிட்டு முன்னால போயிருக்கும்,” என்றார். என் கையைப் பிடித்துத் தோட்டத்துக்கு நடந்தார்.

அக்கா குடியிருந்த லயத்து வீட்டு வாசலில் ஒரே கூட்டம். பக்கத்து வீட்டு இராஜம்மா அவரைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

“இப்பதான் வர்றியா தம்பி? உன்னைத் தேடிப் போன ஆளு வரலையா? உங்கக்காவ மத்தியானமே பொதைச்சிட்டோம்பா. காய்ச்சல். நீ சொல்லி அனுப்பினது காதுல விழுந்ததும், கோயிலுக்குப் போவணும், போவணும்னு எந்திரிச்சு எந்திரிச்சு உக்காந்தா... உன் கல்யாணத்துக்குன்னு எடுத்து வெச்சிருந்த பச்சைச் சேலையைத்தான் கட்டி விட்டோம்.”

ஒன்பது வருஷம் வாழ்ந்தோம். மற்றப் பெண்கள் ஆடிக்கு ஆடி கயிறு மாற்றினார்கள். என் கயிறு நையவில்லை, மஞ்சளும் மங்கவில்லை. பேய் கட்டிய தாலி என்று அப்பா கடைசிவரை என் வாசல் மிதிக்கவில்லை. மிதிக்காமல் போகட்டும்.

1938இல் ரெங்கசாமி போய்விட்டார். பதினாறாம் நாள், தாலியை எடுக்கப் பெண்கள் சுற்றி உட்கார்ந்தார்கள். மாறி மாறி நகம் உடைந்ததுதான் மிச்சம். அந்த இரண்டு முடிச்சும் அவிழவில்லை. ஒருத்தி கத்தி கேட்டாள்.

“யாரும் கை வெக்காதீங்க,” என்றேன். “போட்டவ வந்து அவுக்கட்டும்.”

அன்று இரவு மழை பிடித்துக்கொண்டது. தனியாகப் படுத்திருந்தேன். புது மண் வாசனை வந்தது.

பிடரியில் அதே விரல்கள்...

அவிழ்க்கவில்லை.

இன்னும் கொஞ்சம் இறுக்கின.