சிவப்புத் துணி கட்டிய மூட்டைகள்

ஊரார் வேண்டாமென்று எறிந்ததைக் கெஞ்சி வாங்கி, அதை வேண்டுமென்று சொல்ல ஓர் ஆளைத் தேடி அலைவதுதான் என் வேலை. பால் கவரைக் கழுவிக் காயவைத்துவிட்டு, யாரிடம் கொடுப்பதென்று தெரியாமல் விழிக்கிறவரா நீங்கள்? அப்படியென்றால் நீங்களும் நம்ம கட்சி.

நான் பொன்னேரிப் பக்கம் நெல் விளைகிற ஊர்க்காரி. பழவேற்காடு ஏரிக்கரையில் ஒரு மீனவர் குப்பத்தில் கிழிந்த வலையையும் பிளாஸ்டிக்கையும் சேர்த்து மறுசுழற்சிக்கு அனுப்ப ஒரு தொண்டு நிறுவனம் என்னை வேலைக்கு எடுத்தது. பயிற்சியில் ஒரு சார் கரும்பலகை கொள்ளாமல் பெரிய வட்டம் வரைந்து, "பிளாஸ்டிக் இதுக்குள்ளயே சுத்திச் சுத்தி வரணும்" என்றார். நானும் வளையலை வைத்து நோட்டில் அழகாக வரைந்துகொண்டேன். குப்பத்துப் பெரியவர்கள், வலை தைக்கும் கொட்டகையில் பாதியை எனக்கு ஒதுக்கினார்கள். மழைக்காலம் வருவதற்குள் ஒரு லோடாவது போயிருக்க வேண்டும், இல்லையென்றால் இடத்தைக் காலி செய்ய வேண்டும் என்பது பேச்சு. கொட்டகை போனால் என் வேலையும் போச்சு, என்னோடு தரம் பிரிக்கிற தேசராணி அக்காவின் வேலையும் போச்சு.

முதல் நாள் வேட்டை

ஏரியில் ஆழம் குறைவு. முதல் நாளே புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு முழங்கால் தண்ணீரில் இறங்கினேன். வரிசையாக ஆறு காலி பாட்டில்கள் மிதந்தன. ஒவ்வொன்றிலும் ஒரு கயிறு. இந்த ஜனங்கள் குப்பையைக்கூடக் கட்டிப் போடுகிறார்களே என்று நொந்துகொண்டு, கயிற்றை அறுத்து ஆறையும் சாக்கில் போட்டுக் கொண்டுவந்தேன்.

சாயங்காலம் கன்னியப்பண்ணன் கொட்டகைக்கு வந்தார். குப்பத்தில் அதிகம் பேசாத மனிதர். சாக்கைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அவருடைய நண்டு வலை அதன் பிறகு கிடைக்கவே இல்லை. ஏரிக்கு அந்த வருடம் நான் சேர்த்த முதல் குப்பை அதுதான். அவர் கத்தவில்லை. "அது குப்ப இல்ல மேடம். வலை எங்க கீதுன்னு சொல்ற அடையாளம். இப்ப நான் யாராண்ட போயி கேக்கறது?" என்றார்.

அவர் முறை

ஏரியில் இறால் கிடைக்கும் இடங்களில் நினைத்தவர் நினைத்த நாளில் வலை போட முடியாது. முறை வைத்திருக்கிறார்கள், பாடு என்று பெயர். தன் முறை வருகிற நாளுக்காக ஒரு குடும்பமே காத்திருக்கும். அந்த நாளில் வலையில் பாதி கவரும் பாட்டிலுமாக வந்தால், அதைப் பொறுக்கவா நேரம் இருக்கும்? அங்கேயே உதறிவிட்டு மறுபடி வலையை இறக்குவார்கள். அப்படி உதறாமல் கரைக்குக் கொண்டுவாருங்கள் என்று நான் எல்லோர் பின்னாலும் அலைந்தேன். யாரும் காதில் வாங்கவில்லை.

முதலில் இறங்கிவந்தவர் கன்னியப்பண்ணன்தான். நண்டு வலைக்கு நான் மன்னிப்புக் கேட்டபடியே இருந்தது அவருக்கே பேஜாராகிவிட்டதோ என்னவோ. ஒருநாள் படகு முனையிலிருந்து ஈரக் குப்பையை அள்ளி என் காலடியில் போட்டார். "நான் ஒதறனா அடுத்தவன் வலைக்குப் போவுது. அவன் ஒதறனா எனக்கு வருது. நீயாவது எத்துனு போ" என்றார்.

குளியல்

மற்றவர்களும் கொண்டுவரத் தொடங்க, கொட்டகையில் மூட்டைகள் சேர்ந்தன. அடையாளத்துக்கு ஒவ்வொன்றின் கழுத்திலும் என் பழைய சிவப்புப் புடவையைக் கிழித்துக் கட்டினேன். மறுசுழற்சித் தொழிற்சாலைக்கு மாதிரிக்காக ஒரு மூட்டை அனுப்பினோம். சேறும் உப்பும் இருக்கிறது, நல்ல தண்ணீரில் அலசி அனுப்புங்கள் என்று திருப்பிவிட்டார்கள். குப்பத்தில் நல்ல தண்ணீர் லாரியில்தான் வரும்.

இரண்டு குடம் கிடைக்குமா என்று தேசராணி அக்காவிடம் தயங்கித் தயங்கிக் கேட்டேன். அக்கா கையிலிருந்த பாட்டிலின் மூடியைத் திருகி எடுத்துவிட்டுச் சொன்னாள்: "எம் பேத்திய குளிப்பாட்டவே தண்ணி இல்லடி. மிஞ்சனா ஒங் குப்பைய குளிப்பாட்டலாம்."

புதுசும் பழசும்

ஆனாலும் அலசினோம். அக்கா தன் வீட்டுக் குடத்திலிருந்தே ஊற்றினாள். லோடு தயார். வானம் கறுக்கத் தொடங்கியிருந்தது. லாரி எப்போது வரும் என்று தொழிற்சாலைக்கு நாள் தவறாமல் போன் போட்டேன். கடைசியில் எடுத்தவர் மரியாதையாகத்தான் பேசினார்: "புதுசே இப்ப மலிவா வருது மேடம். பழசு எதுக்குங்க எங்களுக்கு?"

தண்ணீர் ஏறிய அன்று

மூன்று நாள் விடாமல் மழை. ஏரி கொட்டகைக்குள் வந்து, மூட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டு போனது. இடுப்பளவு தண்ணீரில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அழுதேன், மறைக்க என்ன இருக்கிறது? அக்கா என் கையைப் பிடித்து இழுத்தாள். "வா. லோடு அனுப்பணும்னியே, போவுது பாரு" என்றாள்.

மறுபடியும் அவர் முறை

தண்ணீர் வடிந்தது. பெரியவர்கள் கொட்டகையைத் திருப்பிக் கேட்டுவிட்டார்கள். நோட்டையும் தராசையும் பையில் வைத்துக்கொண்டிருந்தபோது கன்னியப்பண்ணன் படகு கரைக்கு வந்தது. மழைக்குப் பிறகு இறால் நிறைய வரும் காலம். அன்று அவர் முறை. படகில் ஒரு கூடை இறால்கூட இல்லை. வலை முழுக்க என் மூட்டைகள். உதறிவிட்டு மறுபடி வலை போட்டிருக்கலாம், பொழுது இருந்தது. அவர் எல்லாவற்றையும் சுமந்துவந்து வரிசையாக மணலில் அடுக்கினார். வீட்டில் அவருக்காகக் கூடையோடு காத்திருப்பார்கள். அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "செவப்புத் துணி கட்டிருந்துச்சு, ஒன்னுதுன்னு தெரிஞ்சுது. ஏரில ஒதறாதன்னு நீதான மேடம் சொன்ன?"

கரும்பலகையில் வட்டம் வரைந்த சார் பொய் சொல்லவில்லை, அதற்குள் கன்னியப்பண்ணனும் நிற்பார் என்பதை மட்டும் சொல்ல விட்டுவிட்டார்.