மச்சான் பேரில் வந்தவர்

ஆம்பளைங்க எச்.ஐ.வி.க்கும் பால்வினை நோய்க்கும் சோதனைக்கு வர்ற கிளினிக்கில் சீட்டு எழுதுறவன் நான்; இந்த மேசையில உட்கார்ந்தவங்களுக்குத் தெரியும், வர்றவர் வியாதியைச் சொன்னாலும் சொல்வார், பேரைச் சொல்ல மாட்டார்.

பேர் இன்னா?

பாகூர் பக்கம் எங்க கிளினிக். மணப்பட்டிலிருந்து மீன்பிடிப் படகுக்குப் போறவர் ஒருத்தர், துண்டால பாதி முகத்தை மூடிக்கிட்டு வந்தார். "உடம்பு சூடு"ன்னார். இங்க எல்லாருக்கும் அதே சூடுதான். பேரைக் கேட்டேன். சுவரைப் பார்த்தார், ஃபேனைப் பார்த்தார், அப்புறம் "ஏழுமலை"ன்னார். சொந்தப் பேருக்கு யாரும் ஃபேனைப் பார்க்க மாட்டாங்க. எழுதிக்கிட்டேன். ரத்தம் குடுத்துட்டுப் போகும்போது கிட்ட வந்து கேட்டார்: "வூட்ல அஞ்சு மாசம்பா. புள்ளைக்கு ஒண்ணும் ஆவாதில்ல?"

எழுந்து வந்த ஏழுமலை

ரிசல்ட் அன்னைக்கு நம்பரைத்தான் கூப்பிடணும். சீட்டுல நம்பர் வேர்வையில கலைஞ்சிருந்தது. "ஏழுமலை"ன்னு குரல் குடுத்துட்டேன். என் தப்புதான். எதிர் வரிசை சர்க்கரை வியாதிக்கு; அங்க மாத்திரைக்குக் காத்திருந்த ஒருத்தர், "நான்தான்"னு எழுந்து வந்தார். நம்ம படகுக்காரர் தூணுக்குப் பின்னால ஒடுங்கிட்டார். அப்புறம்தான் தெரிஞ்சது, எழுந்து வந்தவர் இவர் சம்சாரத்தோட அண்ணன், நெசமான ஏழுமலை. அன்னைக்குப் பயத்துல இவர் வாயில வந்தது மச்சான் பேரு.

மச்சான் டாக்டர் ரூம் கதவுல கை வெச்சுட்டார். நம்ம ஆளு அப்படியே நழுவியிருக்கலாம். நழுவல. துண்டை எடுத்துட்டு, ரெண்டு வரிசையும் பார்க்க நடந்து வந்தார். "மச்சான், அந்தச் சீட்டு என்னுது."

கதவுக்கு வெளியே

அடி விழும்னு நான் எழுந்துட்டேன். மச்சான் கதவுலேர்ந்து கையை எடுத்து அவருக்கு வழி விட்டார். மாத்திரை வரிசையை விட்டுட்டுக் கதவண்டையே நின்னார். உள்ளே பேசுறது எனக்குக் கேக்காது, கேக்கவும் கூடாது. வெளியே வந்து படகுக்காரரே சொன்னார்: எச்.ஐ.வி. இல்லை, ஊசி போட்டா குணமாகிற நோய்தான். ஆனா சம்சாரத்துக்கும் உடனே பார்க்கணுமாம், புள்ளைக்காக.

மச்சான் சொன்னார்: "நீயே தங்கச்சிகிட்ட சொல்லு மாப்ள. நான் பக்கத்துல நிக்கிறேன். புள்ள பொறக்கட்டும், அப்புறம் வெச்சுக்கிறேன் உன்னை."

மாத்திரை வரிசை

மறுநாள் மூணு பேரும் வந்தாங்க. அந்தப் பொண்ணு முகம் அழுது வீங்கி இருந்தது, நடை மட்டும் நேரா இருந்தது. என்னை அறியாம எழுந்து நின்னுட்டேன். டாக்டருக்குக்கூட நான் அப்படி நின்னதில்ல.

மாசங்கள் கழிச்சு மாத்திரைக்கு வந்த மச்சானை மெதுவா விசாரிச்சேன். "பையன், நல்லா கீறான். பேரு மட்டும் யாருதையும் எடுக்காம புதுசா வெச்சிட்டோம்."

இப்பல்லாம் நம்பரைத் தவிர எதையும் நான் வாய்விட்டுக் கூப்பிடுறதில்ல, பேர் கேட்டா மட்டும் அவங்க ஃபேனைப் பார்த்து முடிக்கிற வரைக்கும் பொறுமையா இருக்கேன்.