திருப்பி மாட்டிய பெட்டி

பினாங்கில் எனக்குக் குளிர்கிறது என்று எழுதினால் ஊரில் இருப்பவர்கள் சிரிப்பார்கள். கீழே ஜார்ஜ் டவுனில் வேர்த்து வடிய வேலை பார்க்கும் நம்மவர்களே நம்ப மாட்டார்கள். ஆனால் நான் இருப்பது கொடிமலையின் மேலே, மலை ரயில் ஏறி வரவேண்டிய இடத்தில். மழை பிடித்துக்கொண்டால் மத்தியானமே மேகம் ஜன்னல் வழியாக உள்ளே வந்துவிடும். துவைத்துப் போட்ட சட்டை நாலு நாளானாலும் காயாது. சுவரில் ஆணி அடித்தால் ஆணியும் வேர்க்கும். இந்த மலையில் ஒரு வீட்டைச் சூடாக்க நான் ஒரு காரியம் செய்தேன். அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

வீடு மிஸ்ஸுடையது. டவுனில் முப்பது வருஷம் பியானோ சொல்லிக்கொடுத்துவிட்டு மேலே வந்து தனியாக இருக்கும் சீனப் பெண்மணி. கல்யாணம் செய்துகொள்ளாதவர். நான் அவருக்குத் தோட்டக்காரன், காவல்காரன், குழாய் ரிப்பேர்காரன். பெரிய வீட்டுக்குப் பின்னால், இரண்டு எட்டு தள்ளி எங்கள் அறை. மனைவி ராணி சுங்கை பாக்காப் எஸ்டேட்டில் பிறந்தவள். மகள் மல்லிகாவுக்கு நாலு வயசு. அவர்கள் இரண்டு பேரும் இந்த நாட்டுக்காரர்கள். பெர்மிட் காகிதத்தில் இருப்பவன் நான் ஒருவன்தான். வருஷத்துக்கு ஒருமுறை அதில் மிஸ் கையெழுத்துப் போட வேண்டும். அந்த மாதம் நெருங்கினால் எனக்குச் சோறு இறங்காது.

மழைக்காலம் வந்தால் மிஸ்ஸின் விரல் மூட்டுகள் வீங்கிவிடும். பியானோ மூடியே கிடக்கும். கரியடுப்பு வைத்தால் புகை அவருக்கு ஆகாது. அவர் விரல்களை அக்குளில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதைப் பார்த்துப் பார்த்து, ஒருநாள் நான் வாயைத் திறந்தேன்.

ஆறாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். ஊரில், மண்டபம் கடற்கரையில், ஐஸ் கம்பெனியில் ஒன்பது வருஷம் இருந்தேன். அங்கே ஒரு பக்கம் மீனுக்கு ஐஸ் கட்டி உறையும். மறுபக்கம் குழாயில் கை வைத்தால் சுடும். தண்ணீரிலிருந்து பிடுங்கிய சூடுதான் அது என்று என்ஜின் பார்த்த பாய் சொல்வார். மார்கழியில் நாங்கள் அந்தக் குழாய்ப் பக்கம் போய் நிற்போம். பினாங்குக்கு வந்த புதிதில் டவுனில் ஓர் ஏர்கான் கடையிலும் வேலை பார்த்திருக்கிறேன். அந்தத் தைரியத்தில் என் அரைகுறை மலாயில் சொன்னேன்: "மிஸ், ஏர்கான் பெட்டியைத் திருப்பி மாட்டினா ரூம் சூடாகும்."

மிஸ் சிரித்தார். "வெளியிலதான் குளிரா இருக்கே முத்து, சூடு எங்கேருந்து வரும்?"

"அந்தக் குளிர்லயும் கொஞ்சம் சூடு இருக்கு மிஸ். மெசின் அதை எடுத்து உள்ள குடுக்கும்."

"இருக்கிற கொஞ்சத்தையும் எடுத்துட்டா அங்க என்ன மிச்சம்?"

நான் பெருமையில் இருந்தேன். அந்தக் கேள்வி என் காதில் ஏறவில்லை.

அவருடைய தம்பி வீட்டில் கழற்றிப் போட்ட ஜன்னல் ஏர்கான் ஒன்று ரயிலில் மேலே வந்தது. பியானோ அறையில் அது பொருந்துகிற ஜன்னல் ஒன்றுதான், எங்கள் அறையைப் பார்த்த ஜன்னல். குளிர்காற்று வரும் முன்பக்கத்தை வெளியே திருப்பி மாட்டினேன். வெளிக்குளிருக்குத் தானாக நின்றுவிடக் கூடாது என்று தெர்மோஸ்டாட்டைக் கழற்றி வயரை நேராக இணைத்தேன். பியானோமேல் தண்ணீர் சொட்டாமல் இருக்க எங்கள் பக்கம் சாய்வு கொடுத்தேன். முன்பக்கம் வெளியே என்பதால் திருகுகிற குமிழும் எங்கள் பக்கம் வந்துவிட்டது. சாயங்காலமானால் மிஸ் உள்ளேயிருந்து சுவரைத் தட்டுவார். "முத்து, புக்கா!" போடு என்று அர்த்தம். நான் போய்த் திருகுவேன். முதல் நாள் அறை கதகதவென்று ஆனதும் மிஸ் ஒரு மணி நேரம் வாசித்தார். எனக்கு ஒரு சுவெட்டர் கொடுத்தார்.

எங்கள் பக்கம் ஐஸ் கம்பெனிக் காற்று அடிக்க ஆரம்பித்தது. எங்கள் ஜன்னலுக்குப் பலகை அடித்தேன். இடுக்கு வழியாக வந்தது. சொட்டுகிற தண்ணீரில் வாசல் பாசி பிடித்தது. சுவரில் கறுப்பாகப் பூஞ்சணம் ஏறியது. துடைத்தால் மறுநாள் இன்னும் கொஞ்சம் மேலே இருக்கும். மூன்றாவது வாரம் மல்லிகாவின் நெஞ்சில் விசில் கேட்டது. கீழே கிளினிக்கில் டாக்டர், குளிரிலும் ஈரத்திலும் பிள்ளையை வைக்காதே என்றார்.

"ஏர்கான் ஏர்கான்னு பீத்திக்கிட்டீங்க, இப்ப சொந்தப் பிள்ளையை ஐஸ் பெட்டியில வச்சிட்டீங்க லா," என்றாள் ராணி. "குமிழு உங்க கையிலதானே இருக்கு? நிறுத்துங்களேன்."

"அடுத்த மாசம் பெர்மிட்டு."

"பெர்மிட்டா மூச்சு விடப் போவுது?"

இரண்டு நாள் மனசுக்குள் சொல்லிப் பார்த்துவிட்டு மிஸ்ஸிடம் போனேன். பிள்ளைக்கு மூச்சு வாங்குகிறது, பெட்டியிலிருந்து வரும் காற்று ரொம்ப செஜுக் என்றேன். குளிர் என்பதற்கு மலாயில் அதுதான் வார்த்தை. நிறுத்துங்கள் என்று கேட்க வந்தவன், அதை மட்டும் சொல்லாமல் நின்றேன். மிஸ் முதலில் தைலக் குப்பியை எடுத்து நீட்டினார். நான் நகராமல் நிற்பதைப் பார்த்து அவர் முகம் மாறியது.

"கசியான்! பிள்ளையை இங்க கொண்டு வா. இங்க பானாஸ்."

பாவம், இங்கே சூடாக இருக்கிறது. அவரைப் பொறுத்தவரை விஷயம் அத்தோடு தீர்ந்தது. நான் "தெரிமா காசி, மிஸ்" என்று நன்றி சொல்லிவிட்டு வந்தேன். என்னத்துக்கு நன்றி சொன்னேன் என்று படி இறங்கும்போதுதான் யோசித்தேன்.

பியானோவுக்குப் பக்கத்தில் மல்லிகாவுக்கு மெத்தை போட்டார்கள். ஒரே வாரத்தில் விசில் நின்றது. அதற்கு அந்த அம்மாவுக்கு நான் கடமைப்பட்டவன்தான். ராணி தூங்கவைத்துவிட்டு வருவாள். பிறகு, "நீ போம்மா, மிஸ் இருக்காங்க" என்று பிள்ளையே சொல்ல ஆரம்பித்தாள். பகலில் எங்கள் அறைக்குக் கூப்பிட்டால், "அங்க செஜுக்ப்பா" என்று வாசலோடு நின்றுகொள்கிறாள். மிஸ் அவளை மோலி என்கிறார். அந்தப் பெயருக்குத்தான் அவள் சீக்கிரம் திரும்புகிறாள். போன வாரம் மிஸ் என் பெர்மிட்டில் கையெழுத்துப் போட்டார். பேனாவை மூடாமல் இன்னொரு தாளையும் இழுத்தார். மல்லிகாவுக்கு டவுனில் ஒரு பள்ளிக்கூடம், தன் தம்பி வீட்டிலேயே தங்கிப் படிக்கலாம், எல்லாம் அவர் பார்த்துக்கொள்வாராம். "நல்லதுதானே முத்து?" என்றார். நல்லதுதான். அப்பா என்று போட்டிருந்த இடத்தில் கையெழுத்துப் போடாமல், ராணியைக் கேட்க வேண்டும் என்று வாங்கி வந்துவிட்டேன்.

"பிள்ளையைக் கூட்டிட்டு வாங்க," என்கிறாள் ராணி.

"இங்க வந்தா மறுபடி இழுக்கும்."

"அப்ப மெசினை நிறுத்துங்க."

"நிறுத்தினா இப்ப அவளுக்குத்தானே குளிரும்?"

தாள் இன்னும் அரிசி டின்னின்மேல் இருக்கிறது. ஓரம் ஈரத்தில் சுருண்டுவிட்டது.

இதை எழுதும்போது மழை கொட்டுகிறது. கீழே டவுனும், அதற்கப்பால் ஊருக்குக் கப்பல் போன கடலும் மேகத்தில் காணாமல் போய்விட்டன. சற்று முன் சுவரைத் தட்டும் சத்தம் கேட்டது. மிஸ்ஸின் தட்டல் இல்லை, சின்னக் கை.

"அப்பா, புக்கா!"

சுவெட்டரை மாட்டிக்கொண்டு போய்க் குமிழைப் பிடித்தேன். இந்தப் பெட்டியை நிறுத்தத் தெரிந்தவன் இந்த மலையில் நான் ஒருவன்தான். உள்ளே பியானோவில் ஒற்றை விரலால் யாரோ தட்டிக்கொண்டிருந்தார்கள். திருகினேன். பெட்டி ஒரு குலுக்குக் குலுக்கி ஓட ஆரம்பித்தது. சில்லென்ற காற்று முகத்தில் அடித்தது. எங்கள் பக்கத்தில் மிச்சமிருந்த சூட்டை எடுத்து அந்தப் பக்கம் கொடுத்தது. சுவருக்கு அந்தப் பக்கம் என் மகள் சிரித்தாள்.