இடி இடிக்காத மழை

ஐம்பதுகளின் தொடக்கத்தில் நடந்தது. கொருக்குப்பேட்டையில் கால்வாய்க் கரையோரம் எங்கள் வீடு. நடைபாலத்தைத் தாண்டினால் என் கணவர் மூட்டை தூக்கும் கூட்ஸ் யார்டு.

அவருடைய அண்ணனும் அங்கேதான் வேலை பார்த்தார். ஒரு கோடை மழையில், வேகன் பக்கத்தில் நின்றவரை மின்னல் தாக்கிவிட்டது. அதிலிருந்து வானம் லேசாக உறுமினாலே போதும், என் மாமியார் அரிவாள்மணை, கரண்டி என்று வீட்டிலுள்ள இரும்பையெல்லாம் வாசலில் வீசிவிட்டு, மிச்சமிருந்த ஒரே பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். கூலி போனாலும் விடமாட்டார். என் கணவர் நெளிவார். எனக்குச் சிரிப்பு வரும்.

அந்தக் கார்த்திகையில் ஒருநாள் விடிந்ததிலிருந்து கொட்டோ கொட்டென்று கொட்டியது. ஆனால் பேருக்குக்கூட ஒரு மின்னல் இல்லை. மாமியார் நிம்மதியாக முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். கிடங்கில் தண்ணீர் ஏறுகிறது, மூட்டைகளை மேலே அடுக்க வேண்டும் என்று மேஸ்திரி ஆள் அனுப்பினார். என் கணவர் பழக்கதோஷத்தில் அம்மா முகத்தைப் பார்த்தார்.

"இன்னாத்துக்கு முயிக்கிற? இடிக்குதா, மின்னுதா? வெறும் தண்ணிதானே! போய்ட்டு வா நைனா" என்றார் மாமியார்.

சாயங்காலம் அவர் திரும்பும்போது கால்வாய் நிரம்பி, நடைபாலம் மூழ்கியிருந்தது. இந்த இடத்தில்தான் பாலம் என்று நம்பிக் கால் வைத்திருக்கிறார். கூட வந்தவர்கள் கண்ணெதிரே வெள்ளம் இழுத்துக்கொண்டு போய்விட்டது. மழை விட்ட பிறகுதான் உடல் கிடைத்தது. என் மகன் அப்போது வயிற்றில்.

மாமியார் அழுததைவிடக் கேட்டதுதான் அதிகம். "அத்தினி மழை பேஞ்சிதே, ஏம்மே ஒரு இடி கூட இடிக்கல?"

அந்தக் கேள்விக்கு என் மகன்தான், கல்லூரியில் படிக்கும்போது, பதில் கொண்டுவந்தான். கோடையில் தரை கொதிப்பதால் காற்று வேகமாக எழும்பி மேகத்தை வெகு உயரத்துக்குத் தள்ளுமாம். அங்கே பனிக்கட்டித் துகள்கள் ஒன்றோடொன்று மோதித்தான் மின்சாரம் சேருமாம். கார்த்திகையில் கடலிலிருந்து வரும் புயல் மேகத்தில் அந்த வேகம் பெரும்பாலும் இருக்காதாம். அதனால் மழை எவ்வளவு பெய்தாலும் மின்னல் குறைவாம்.

மாமியார் முழுவதையும் கேட்டுக்கொண்டார்.

"அப்ப அதுக்கு இடிக்கத்தான் தெம்பு இல்ல. எம்புள்ளைய இட்டுகினு போவ மட்டும் தெம்பு இருந்திச்சா?"

மகன் தலையைக் குனிந்துகொண்டான். படித்தது வீண் என்று நான் சொல்லமாட்டேன்.

மாமியாரும் போய்ச் சேர்ந்து வெகுகாலமாகிறது. இன்றைக்கும் சத்தமில்லாமல் மழை பிடித்துக்கொண்டால், வெளியே போனவர்கள் எல்லோரும் வீடு வந்து சேரும்வரை எனக்குச் சோறு இறங்குவதில்லை.