டர்போ வந்து சேரும் நேரம்

எங்கள் பழைய காருக்கு டர்போ கிடையாது. ஆயிரத்து அறுநூறு சிசி இஞ்சின், தனக்கு வேண்டிய காற்றைத் தானே இழுத்துக்கொள்ளும். ஆக்சிலேட்டரை எவ்வளவு மிதிக்கிறேனோ அவ்வளவு போகும். கூடவும் போகாது, குறையவும் போகாது. ஆறாயிரம் ஆர்பிஎம்மைத் தாண்டினால் அதன் சத்தமே மாறிவிடும். அந்தச் சத்தத்துக்காகவே திண்டிவனத்திலிருந்து முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரிக்குத் தினமும் சலிக்காமல் ஓட்டிப் போனேன். அங்கே ஆய்வகத்தில் வேலை. நாள் முழுக்க ரத்தக் குழாய்களோடு மல்லுக்கட்டுகிறவளுக்கு, காலையில் அந்த அரை மணி நேரம்தான் சொந்தம்.

அந்தக் காரை என் கணவர் விற்றுவிட்டார். சர்வீஸுக்கு விடப்போகிறேன் என்று எடுத்துப் போனவர், சாயங்காலம் வேறொரு காரில் வந்து இறங்கினார். ஆயிரம் சிசி, மூன்றே சிலிண்டர், டர்போ. பக்கவாட்டில் ரேஸ் கார் மாதிரி சிவப்புக் கோடு வேறு.

“சின்ன இஞ்சின்தான், ஆனா பழசவிட இழுவை ஜாஸ்தி. மைலேஜும் குடுக்குது. ஒனக்குத்தான் வாங்கிக்கினு வந்தேன்” என்றார்.

“எனக்குன்னா என்ன ஒரு வார்த்த கேட்டிருக்கலாம் இல்லீங்க?”

“ஏன் இப்ப பேஜாரு பண்ற? ஓட்டிப் பாரு, அப்பறம் பேசு.”

மறுநாள் ஓட்டிப் பார்த்தேன். மேம்பாலத்துக்குக் கீழே நெரிசலில் ஒரு இடைவெளி கிடைத்தது. பழைய பழக்கத்தில் லேசாக மிதித்தேன், வண்டி அசையவில்லை. இன்னும் கொஞ்சம் மிதித்தேன். அப்போது திடீரென்று மொத்தமாகப் பாய்ந்தது. முன்னால் நின்ற ஷேர் ஆட்டோவுக்கு ஒரு சாண் தூரத்தில் பிரேக் பிடித்தேன். ஆட்டோக்காரர் இறங்கி வந்து, “யம்மா, ஓட்டத் தெரியலன்னா ஊட்ல இருக்கறதுதானே?” என்றார். பன்னிரண்டு வருடம் கார் ஓட்டியவள் நான். அன்று மாலை சாவியை டிவி மேல் வைத்தேன், அடுத்த நாள் பஸ் ஏறினேன்.

எட்டு மாதம் பஸ்தான். கேட்டவர்களிடம் இடுப்பு வலி என்று சொல்லிவைத்தேன். உண்மையில் எனக்குப் பயம். இனி ஸ்டியரிங்கைத் தொடவே மாட்டேனோ என்று நினைக்கும்போது கணவர் மேல் வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல.

அவர் ஓட்டும் அழகு தனி. மல்லாட்டை மண்டி வைத்திருக்கிறார், வேர்க்கடலை மொத்த வியாபாரம். மண்டிக்கு வரும் லாரிக்காரர்களிடம் கற்ற வித்தை, நாற்பதைத் தொட்டதும் டாப் கியரில் போட்டுவிடுவது. எங்கள் பக்கம் பாதிப் பேர் இப்படித்தான். டாப்பில் போட்டு உருட்டினால் பெட்ரோல் குடிக்காது என்று ஒரு நம்பிக்கை. பழைய வண்டி முனகிக்கொண்டாவது அதற்கு ஈடுகொடுத்தது. டர்போ அப்படியல்ல. இஞ்சின் விடும் புகை ஒரு சின்ன விசிறியைச் சுற்றவேண்டும், அது காற்றை உள்ளே தள்ளவேண்டும், அப்புறம்தான் பலம். பக்கத்து சீட்டில் சும்மா உட்கார்ந்திருப்பவளுக்கு வேறென்ன வேலை? ஆர்பிஎம் முள்ளைப் பார்த்துக்கொண்டே வருவேன். இரண்டாயிரத்துக்குக் கீழே டர்போ தூங்கும். தாண்டினால் மெல்லிசாக ஒரு விசில் கேட்கும், பிறகு இழுக்கும். அவரிடம் சொல்லவில்லை. கேட்காமல் வாங்கியவர்தானே, அவரே கண்டுபிடிக்கட்டும் என்று வீம்பு.

அந்த வீம்பு எங்கள் இரண்டு பேரையும் முடித்திருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை திருவக்கரை கோயிலுக்குப் புறப்பட்டோம். மயிலம் தாண்டி, முன்னால் கரும்பு ஏற்றிய டிராக்டர், இரண்டு டிரெய்லரோடு. இவர் வழக்கம்போல ஐந்தாவது கியரில் உருட்டிக்கொண்டே வலது பக்கம் ஏறினார். பின் டிரெய்லரைப் பாதிகூடத் தாண்டவில்லை, எதிரே பஸ். ஆக்சிலேட்டரைத் தரையோடு மிதித்தார். வண்டிக்கு அது காதிலேயே விழவில்லை.

“பிரேக்கப் புடிங்க!” என்று கத்தினேன்.

பிடித்தார். டிராக்டருக்குப் பின்னால் ஒதுங்கிய அடுத்த கணம் பஸ் எங்களை உரசாத குறையாகப் போனது. தொங்கிக்கொண்டிருந்த கரும்பு ஒன்று பானெட்டில் நீளமாகக் கீறிவிட்டது. ஓரமாக நிறுத்தினார். எனக்கு அழுகை வந்தது, தெரிந்தும் சொல்லாமல் இருந்துவிட்டேனே என்று.

“எறங்குங்க. நான் ஓட்டறேன்.”

இடம் மாறினார். சீக்கிரமே அதே டிராக்டரைப் பிடித்தோம். மூன்றாவது கியருக்கு வந்தேன். சாலை காலியாகும்வரை பின்னாலேயே காத்திருந்தேன். முள் இரண்டாயிரத்தைத் தாண்டி, விசில் கேட்ட பிறகே வலது பக்கம் ஏறினேன். முதுகில் கை வைத்துத் தள்ளினாற்போல் வண்டி கிளம்பியது. கரும்பு, டிராக்டர் எல்லாம் பின்னால் போய்விட்டன. பிடித்திருந்தது, பொய் சொல்வானேன். இன்றைக்குக் கேட்டாலும் பழையதைத்தான் உசத்தி என்பேன். அது கேட்ட உடனே கொடுத்தது. இதற்கு முன்கூட்டியே சொல்லிவைக்கவேண்டும்.

“முன்னாடியே தெரியுமா ஒனக்கு?” என்று கேட்டார்.

“தெரியும். சொல்லாம இருந்தது என் தப்புங்க.”

கோயில் கோபுரம் தெரிந்தபோது அவர் சொன்னார், “பழைய வண்டிய ஒன்ன கேக்காம வித்திருக்கக் கூடாது.”

எட்டு மாதம் கழித்து வந்த வார்த்தை. இப்போதுதான் தெரிந்ததா என்று கேட்க நாக்கு துடித்தது, அடக்கிக்கொண்டேன். கோயில் வாசலில் நிறுத்தி இறங்கியதும், பழக்கதோஷத்தில் சாவிக்குக் கை நீட்டினார். நான் அதைக் கைப்பையில் போட்டு ஜிப்பை இழுத்தேன்.

“நாளைக்கி டூட்டிக்கு நானே எடுத்துக்கினு போறேன்.”

அவர் நீட்டிய கையாலேயே என் தோளிலிருந்து நழுவியிருந்த முந்தானையைச் சரிசெய்துவிட்டு, அர்ச்சனைத் தட்டு வாங்கப் போனார்.