பன்னிரண்டு நாள் செயின்

மார்கரெட்டிடம் எண்ணிக்கை தப்பாது. திருவிடந்தைப் பக்கம் கடலைப் பார்த்து நிற்கும் விடுதி ஒன்றின் சலவைக் கூடத்தில் அவளுக்கு ஒன்பது வருடமாக வேலை. அறைகளிலிருந்து வந்த விரிப்பு எத்தனை, வெளுத்து அறைக்குத் திரும்பிப் போனது எத்தனை, கிழிந்தது எத்தனை என்று நீள நோட்டில் அவள் எழுதிவைத்தால் மேனேஜர் திரும்ப எண்ணுவதில்லை. ஒரு துண்டு குறைந்தாலும், அது எந்த அறைக் கதவுக்குப் பின்னால் தொங்குகிறது என்று சொல்லிவிடுவாள்.

தன் செயின் விஷயத்தில் மட்டும் அவள் கணக்கே போட்டதில்லை.

மூன்று பவுன் செயின். 1998-இல் கணவன் ஏசுபாதம் கட்டட வேலையில் சாரத்திலிருந்து விழுந்து கால் ஒடிந்தபோது, திருப்போரூர் சேட்டு கடையில் ஆறாயிரத்துக்கு அடகு வைத்தது. வைத்ததில் அவளுக்கு வெட்கமில்லை, ஆஸ்பத்திரிச் செலவு. வெட்கமெல்லாம் வெறும் தாலிக்கயிற்றோடு சொந்தக்காரர்கள் நடுவில் நிற்பதில்தான். அப்பா காலம் வரைக்கும் அடுத்தவர் நிலத்தில் கூலிக்கு நாற்று நட்ட குடும்பம். அதில் முதன்முதலாக மாதச் சம்பளம் வாங்கியவள் இவள். இவள் கழுத்து காலியாக இருந்தால் ஊர் என்ன பேசும்?

அதனால் விசேஷம் என்று பத்திரிகை வந்தால் போதும், தண்டல்காரர் பார்த்தசாரதியிடம் ஓடுவாள். பத்தாயிரத்துக்குக் கையெழுத்து வாங்கிக்கொண்டு, ஆயிரத்தைந்நூறை முதலிலேயே பிடித்துக்கொண்டு, எட்டாயிரத்தைந்நூறு தருவார். ஆறாயிரத்தைக் கட்டிச் செயினை மீட்பாள். மீதி சேலைக்கும் மொய்க்கும் பஸ்ஸுக்கும் போய்விடும். இரண்டு நாள் போட்டுக்கொள்வாள். மூன்றாம் நாள் செயின் மறுபடி சேட்டு கடைக்கே போகும். அந்த ஆறாயிரம் பார்த்தசாரதிக்கு. மிச்சம் நாலாயிரத்தை நாளுக்கு ஐம்பதாக எண்பது நாள் கட்டுவாள். முடிந்து மூச்சு விடுவதற்குள் அடுத்த பத்திரிகை வந்து நிற்கும்.

2001 ஆகஸ்டில் ஒரு மத்தியானம், செங்கல்பட்டிலிருந்து தம்பி கிருபாகரன், மகள் சிநேகாவின் கல்யாண அலைச்சலோடு, விடுதியின் பின்கேட்டில் வந்து நின்றான்.

“அக்கா, சிநேகா கல்யாணத்துக்கு ஒம்போது நாள்தான் கீது. உன் செயின எடுத்து வெச்சுடு. இந்தவாட்டி பொண்ணு கழுத்துல போட்டுடலாம்.”

“அவ கழுத்துலயா? இன்னாத்துக்கு?”

“மாப்ள வூட்ல அஞ்சு பவுன்னு சொல்லிட்டேன். கையில ரெண்டுதான் கீது. உன்து சேந்தா சரியாப்பூடும். பத்தே நாள்ல வாங்கிக் குடுத்துடறேன்.”

“சேட்டு கடையில கீதுடா.”

“அது எனக்குத் தெரியாதா? பார்த்தசாரதியாண்ட சொல்லிகினுதான் வரேன். நீ வந்து கையெழுத்து போட்டா போதும்னாரு.”

அவள் வழக்கம்போலத் தலையாட்டியிருப்பாள். உள்ளே சூப்பர்வைசர் கூப்பிட்டதால், “சாயந்தரம் போன் பண்றேன்” என்று மட்டும் சொல்லி அனுப்பினாள்.

சலவை மேசைக்குத் திரும்பியவள் நோட்டில் அன்றைய வரவை எழுதினாள், போனதை எழுதினாள். கை நிற்கவில்லை. ஒரு பழைய பில்லின் பின்பக்கத்தில் செயினையும் அதேபோல எழுதத் தொடங்கினாள். மூன்று வருடத்தில் ஆறு தடவை வெளியே வந்திருக்கிறது. தடவைக்கு ஆயிரத்தைந்நூறு, ஆக ஒன்பதாயிரம். சேட்டு வட்டி மாதம் நூற்றெண்பது, முப்பத்தாறு மாதத்துக்கு ஆறாயிரத்து நானூற்றெண்பது. அன்றைய விலைக்குச் செயினே அவ்வளவு பெறாது. அப்புறம் நாட்களை எண்ணினாள். அவள் கழுத்தில் அது கிடந்தது மொத்தம் பன்னிரண்டு நாள்.

அழுகை வரவில்லை. விரிப்பு குறைந்த அன்றைக்கு வருமே, அந்தக் கோபம் வந்தது. இந்தத் தடவை கோபித்துக்கொள்ள வேறு ஆள் இல்லை.

சாயந்தரம் போன் பூத்தில் இரண்டு தடவை எண்ணை அழுத்திவிட்டு வைத்துவிட்டாள். மூன்றாவது தடவை மணி போனது.

“இல்லடா. நான் எடுக்கல.”

“இன்னாக்கா பேசற? என் மானம் போயிடும்.”

“மாப்ள வூட்ல போயி ரெண்டுதான்னு சொல்லிடு. இன்னும் ஒம்போது நாள் கீது இல்ல?”

“உனுக்கு எம்மேல இவ்ளோதானா?”

அவள் வாயைத் திறப்பதற்குள் வைத்துவிட்டான். வீட்டில் ஏசுபாதம் விஷயத்தைக் கேட்டுவிட்டு, “கல்யாணத்துக்குப் போவியா?” என்றான். “போவேன்” என்றாள்.

கல்யாணத்தன்று கோயில் வாசலில், மாப்பிள்ளையின் அத்தையை வைத்துக்கொண்டே தம்பி பெண்டாட்டி லதா கேட்டாள்.

“இன்னா அண்ணி, கழுத்து காலியா கீது? வித்துட்டியா?”

மார்கரெட்டின் கை தன்னையறியாமல் முந்தானையை இழுக்கப் போனது. பாதியில் நிறுத்திக்கொண்டாள்.

“விக்கல. சேட்டு கடையில கீது. மூணு வருசமா.”

“நல்ல நாளும் அதுவுமா அத தண்டோரா போடணுமா?”

“நீ கேட்ட, சொன்னேன்.”

அத்தைக்காரி ஏற இறங்கப் பார்த்துவிட்டு, “உள்ள வாங்க, பாட்டு ஆரம்பிச்சுட்டாங்க” என்று நகர்ந்தாள். மாப்பிள்ளை வீட்டில் கிருபாகரன் உண்மையைச் சொல்லித்தான் இருந்தான். மிச்சம் மூன்று பவுனைக் கிறிஸ்துமஸுக்குள் போடுவதாக ஒப்புக்கொண்டு, இரண்டு நாள் அவர்கள் வீட்டு வாசலில் நின்று வாங்கிய சம்மதம் அது. குடும்பத்தோடு போட்டோ எடுத்தபோது அக்காவைக் கூப்பிடவில்லை.

மொய் மேசையில் எழுதுகிறவர் பேனாவோடு நிமிர்ந்தார்.

“மார்கரெட், திருவிடந்தை. நூத்தியொண்ணு.”

அவர் இன்னும் காத்திருந்தார். போன தடவை ஆயிரத்தொன்று எழுதியவர் அவர்தான்.

“அவ்ளோதானா?”

“அவ்ளோதான். எழுதுங்க.”

திங்கட்கிழமை திருப்போரூரில் இறங்கினாள். தண்டல் பாக்கி முடிந்த நாளிலிருந்து அந்த ஐம்பதை அரிசி டப்பாவில் போட்டு வந்ததில் ஆயிரம் சேர்ந்திருந்தது. சேட்டு பார்த்ததும் செயின் பையை எடுக்க எழுந்தார்.

“மீட்க வரல. அசல்ல ஆயிரம் வெச்சுக்கோங்க.”

“அசல்லயா?” என்றார். இரண்டாவது தடவையும் கேட்டுவிட்டுத்தான் உட்கார்ந்தார். பாக்கி ஐயாயிரம் என்று எழுதி ரசீதை நீட்டினார். மூன்று வருடமாக அவர் கொடுத்த ரசீதுகளை மடித்து ஜாக்கெட்டில் செருகியதோடு சரி. இதை அவள் கடை வாசலிலேயே நின்று, வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, மேலிருந்து கீழ்வரை படித்தாள். திரும்பிப் படியேறினாள்.

“சேட்டு, தேதி தப்பா கீது. இன்னிக்கு இருபத்தேழு. மாத்தி கையெழுத்து போட்டுக் குடுங்க.”

அவர் கண்ணாடியைத் தேடி எடுக்கும்வரை கவுண்டரில் இரண்டு கையையும் ஊன்றி நின்றுகொண்டிருந்தாள்.