நாற்பது சதவீதப் பந்தல்

மழைக்கு நாற்பது சதவீதம் வாய்ப்பு என்றால், நனைவது யார்? அஞ்சுகிராமத்தில் ஒருவர் இந்தக் கேள்வியை மனதோடு வைத்துக்கொள்ளாமல் கம்பும் தகரமுமாக நட்டுப் பார்த்தார். பெயர் கிருஷ்ணமணி. தொழில் பந்தல் போடுவது.

அதற்கு முன் பல வருடம் மஸ்கட்டில் கட்டடங்களுக்குச் சாரம் கட்டினார். போனில் வானிலை பார்க்கும் பழக்கம் அங்கே வந்ததுதான். காலையில் போன் வெயில் என்றது, வெயில் அடித்தது. மறுநாளும் வெயில் என்றது, மறுநாளும் அடித்தது. அத்தனை வருடத்தில் அது அவரிடம் பொய்யே சொன்னதில்லை. பாலைவனத்தில் உண்டான அந்த நம்பிக்கையை மற்ற சாமான்களோடு பெட்டியில் கட்டி, ஆரல்வாய்மொழி கணவாய்க்கு ஒரு பக்கம் மழையும் மறுபக்கம் புழுதியும் பறக்கிற மாவட்டத்துக்குக் கொண்டுவந்தார். ஓரிடத்தில் தேறியது இன்னோரிடத்திலும் தேறுமா என்று அவர் கேட்கவில்லை. பெரிய படிப்புப் படித்தவர்களும் வழுக்குகிற இடம் இது என்பதால் அவரை மட்டும் குறை சொல்வதற்கில்லை.

ஊரில் போன் சதவீதமாகப் பேசியது. அதனால் அதன்மேல் மரியாதை கூடத்தான் செய்தது.

"கண்டிப்பா வாறேன்னு சொன்னவன் எவனாவது வந்திருக்கானா ஓய்? இது பாதி வருவேன், பாதி வரமாட்டேன்னு சொல்லுது. யோக்கியன்!" என்பார்.

அந்த யோக்கியனின் எண்ணைப் பந்தலில் எப்படி இறக்குவது? அவரிடம் இருந்தவை இரண்டுதான். ஒன்று தகரம். மழை தாங்கும், ஆனால் ஏற்றி இறக்க இடுப்பு ஒடியும், கீழே உட்கார்ந்தால் அவியும். இன்னொன்று துணி. பார்க்க அழகு, மழை வந்தால் சல்லடை. ஆகவே போன் இருபது சதவீதம் மழை என்றால் பந்தலில் ஐந்தில் ஒரு பங்குக்குத் தகரம் போட்டார். ஐம்பது என்றால் பாதிக்குப் பாதி. டேப் பிடித்து அளந்தே போட்டார்.

"போன்ல பத்து சதவீதம் மழைன்னா, கொடியில கிடக்க துணியில பத்துல ஒண்ணை மட்டும் எடுத்தாப் போதுமா?" என்று மனைவி சத்தியபாய் கேட்டாள்.

"போதும். காய நேரமாகுத துணியா பாத்து எடு."

கொஞ்ச காலம் இந்தக் கணக்கு பலித்தது. அஞ்சுகிராமத்துப் பக்கம் மழையே குறைவு. கிருஷ்ணமணி அதைத் தன் டேப்பின் பெருமை என்று எடுத்துக்கொண்டார்.

பிறகு ஆரோக்கியபுரத்து மீன் வியாபாரி யேசுரத்தினம் தன் மூத்த மகள் ஜாஸ்மியின் கல்யாண விருந்துக்குப் பந்தல் சொன்னார். அன்று போன் நாற்பது என்றது. மரியாதை கருதி மாப்பிள்ளை வீட்டாரைத் தகரத்தின் கீழ் உட்காரவைத்தார்கள்; சொந்தக்காரர்கள் துணியின் கீழ். பிரியாணி பரிமாறி முடிந்த நேரம் பார்த்து மழை வந்தது. அது பங்கு பார்க்கவில்லை. துணிப் பக்கத்துச் சனம் தட்டும் கையுமாகத் தகரத்துக்குள் பாய்ந்தது. கிடைத்த இடத்தில் உட்கார்ந்தவர்களில் ஒருவர் மாப்பிள்ளையின் தாய்மாமன் மடியில் உட்கார்ந்திருந்தார். கடைசிவரை எழுந்திருக்கவும் இல்லை.

"கிருஷ்ணமணி ஓய்! நாப்பதுன்னு சொன்னீரே, எங்க ஆளுவ நூறும் நனைஞ்சாச்சே!" என்று யேசுரத்தினம் கத்தினார்.

"அறுபது வராதுன்னும் போன் சொல்லிச்சே. அதையும் நீரு கேட்டிருக்கணும்லா?"

"கேட்டேன் ஓய். அந்த அறுபதுக்குக் கீழதான் எங்க அத்தை இருந்தா. பிரியாணி திங்க வந்தவளுக்குக் கஞ்சி கிடைச்சிருக்கு!"

வீட்டுக்கு வந்ததும் மகள் அஞ்சலி பிடித்துக்கொண்டாள். அவள் வடசேரியில் ஒரு டியூஷன் சென்டரில் கணக்கு எடுக்கிறாள்.

"அப்பா, நாப்பதுங்கது பந்தல்ல நாப்பது பங்கு இல்ல. இதே மாதிரி பத்து நாளு வந்தா, அதுல நாலு நாளு மழை பெய்யும். அதுதான் அர்த்தம்."

"யேசுரத்தினம் கல்யாணத்தைப் பத்து நாளா மக்கா வச்சான்? ஒரு நாளுதானே வச்சான்? அந்த ஒரு நாளைக்கு என்ன அர்த்தம்?"

இந்தக் கேள்வி புத்தகங்களிலும் சுலபமாக முடிவதில்லை. ஒரே ஒரு முறை விடிகிற நாளுக்கு, பல நாட்களைப் பார்த்துக் கண்ட எண் என்ன சொல்கிறது? போன் தன் சந்தேகத்தின் அளவைத்தான் சொல்கிறது. பந்தல் போடுவதா வேண்டாமா என்பதை அது சொல்வதில்லை, நாம்தான் சொல்லிக்கொள்ள வேண்டும். கிருஷ்ணமணி கேட்ட கேள்வி நல்ல கேள்வி. ஆனால் அதற்கு அவர் போட்ட பந்தல் மோசமான பந்தல். இரண்டையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

அடுத்த ஐப்பசியில் அஞ்சலிக்கே கல்யாணம் வந்தது. மாப்பிள்ளை ஸ்ரீஜித், தக்கலைக்காரன். கோவிலில் தாலிகட்டு, சாப்பாடு வீட்டை ஒட்டிய காலிமனையில் பந்தல் போட்டு.

"அப்பா, முழுக்கத் தகரம் போடுங்க, இல்லேன்னா முழுக்கத் துணி போடுங்க. பங்கு மட்டும் வைக்காதீங்க," என்றாள் அஞ்சலி. "ஆரோக்கியபுரத்துக் கதை தக்கலை வரைக்கும் போயாச்சு. 'சம்மந்தி நம்மள எத்தனை சதவீதம் நனைப்பாரு'ன்னு அவருக்க அப்பா கேட்டுச் சிரிச்சாராம். நான் நாளைக்கு அந்த வீட்டுலதானே இருக்கணும்? காலம் பூரா இதையே சொல்லிக் காட்டுவாங்க."

அவள் கண் கலங்கியதைப் பார்த்த கிருஷ்ணமணி, "சரி மக்கா," என்றார். எது சரி என்று சொல்லவில்லை.

கல்யாணத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது யேசுரத்தினம் வந்து நின்றார். இளைய மகள் லிஜிக்கும் அதே நாளில் கல்யாணம் முடிவாகியிருந்தது.

"என்ன ஓய், மறுபடியும் கஞ்சி குடிக்க ஆசையா?" என்று கிருஷ்ணமணி கேட்டார்.

"நக்கலு வேண்டாம். முகூர்த்த நாளு. நாகர்கோவில் வரைக்கும் தேடியாச்சு, பந்தலு ஒண்ணு ஒழிவில்ல. உம்மகிட்ட மட்டும்தான் கிடக்கு. ஏன் கிடக்குன்னு எனக்குத் தெரியும், உமக்கும் தெரியும்."

"எனக்கும் அன்னைக்கு வீட்டுல கல்யாணம்."

"தெரியும் ஓய். அதனாலதான் துணின்னாலும் தாரும்னு கேக்கேன். எங்க அத்தையை இந்தத் தடவை வீட்டுக்குள்ள இருத்திருவேன்."

கிருஷ்ணமணியிடம் இருந்த தகரம் ஒரு பந்தலுக்குத்தான் வரும். வெளியே வாங்கவும் வழியில்லை. யேசுரத்தினம் போன பிறகு சத்தியபாய் சொன்னாள்: "தகரம் நம்ம பிள்ளைக்கு. அதுல ஒரு கணக்கும் பாக்காண்டாம்."

கல்யாணத்துக்கு முந்தின நாள் காலையில் அவர் போனைப் பார்த்தார். அஞ்சுகிராமத்துக்கு நாற்பது. ஆரோக்கியபுரத்துக்கும் நாற்பது. இரண்டு ஊருக்கும் நடுவே வேறுபாடு காட்டும் அளவுக்குப் போனுக்குக் கண் கூர்மை போதாது. போனை மேசைமேல் கவிழ்த்து வைத்துவிட்டு வெளியே போய் ஆட்களிடம் ஏதோ சொன்னார். லாரி கிளம்பிய பிறகுதான் சத்தியபாய் வெளியே வந்து பார்த்தாள். காலிமனையில் துணி மட்டும் அடுக்கியிருந்தது.

"எல்லாம் துணியாப்பா?" என்று அஞ்சலி கேட்டாள்.

"நீதானே மக்கா பங்கு வைக்காண்டாம்னு சொன்னே."

அவள் விறுவிறுவென்று வீட்டுக்குள் போய்விட்டாள்.

மறுநாள் முதல் பந்தி பாதியில் இருக்கும்போது மழை வந்தது. பெரிதில்லை, ஆனால் துணிக்கு அது போதும். அஞ்சலி தலையைக் குனிந்துகொண்டாள். அப்போது மாப்பிள்ளையின் அப்பா காலுக்குக் கீழே கிடந்த குடையை எடுத்து விரித்தார். பக்கத்தில் இருந்தவரும் விரித்தார். மழை ஓயாத தக்கலைப் பக்கத்தில் குடை இல்லாமல் யாரும் படி இறங்குவதில்லை. கொஞ்ச நேரத்தில் பந்தி முழுக்கக் கறுப்புக் குடைகள். ஸ்ரீஜித் இடது கையால் அஞ்சலிக்குக் குடை பிடித்தபடி வலது கையால் இலையில் விட்ட பிரதமன் பாயசத்தை வழித்தான்.

"ஓய் சம்மந்தி!" என்று அவன் அப்பா குரல் கொடுத்தார். "தக்கலைக்காரனுக்கு மழையைக் காட்டி வித்தை காட்டுதீரா? பப்படம் ஒண்ணுதான் நமுத்துப்போச்சு. வேற கொண்டாரும்!"

அஞ்சலி சிரித்துவிட்டாள். கிருஷ்ணமணி பப்படம் எடுக்கத் தானே ஓடினார்.

மேற்கே உள்ளவர்கள் குடையோடு வருவார்கள் என்று முன்பே யோசித்துத்தான் செய்தார் என்கிறாள் சத்தியபாய். எங்க அத்தைக்குப் பயந்து செய்தார் என்கிறார் யேசுரத்தினம். முடிவு நன்றாக வந்ததால் யோசனையும் நன்றாக இருந்தது என்று சொல்லிவிட முடியாது. குடைகளுக்கான பாராட்டு தக்கலைக்குப் போக வேண்டும். கேட்டால் கிருஷ்ணமணி பேச்சை மாற்றி, கேட்ட நாளின் மழை எண்ணைப் போனில் எடுத்துக் காட்டுவார். போன் வானிலையை இன்னும் தினமும் பார்க்கிறார்.

கல்யாணத்துக்கு முந்தின அந்தக் காலையில் போன் அவருக்குச் சொன்னது நாற்பது என்பது மட்டும்தான். அவர் தன்னிடமிருந்த தகரம் அத்தனையையும், பிரதமன் கொதிக்கும் அடுப்புக்கு மேலே போட ஒன்றுகூட வைக்காமல், ஆரோக்கியபுரத்துக்கு ஏற்றிவிட்டார்.